ராஸ்பெரி பை 4 வீட்டு ரீவிப் பெட்டியாக: வன்னி வெக்கைக்கும் கரண்டுக்கும் தாங்குமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்தப் பக்கம் போனாலும் ஹோலில் ஒரு தட்டை ரீவி இருக்கும். அதற்குக் கீழே லாச்சிக்குள் கலியாண வீட்டு டிவிடி, சாமத்திய வீட்டு டிவிடி, வெளிநாட்டுச் சொந்தம் படங்கள் நிரப்பிக் கொண்டுவந்த ஹாட் டிஸ்க், நாலைந்து பென்ட்ரைவ். ரீவியின் யூஎஸ்பி ஓட்டையில் அவற்றைக் குத்தினால் பாதி ஓடும். மீதிக்குப் படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் சப்டைட்டில் வராது. இந்தத் தலையிடிக்கு நல்ல மருந்து ராஸ்பெரி பை 4. உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை, அதற்குள் லிப்ரெலெக் என்ற சின்ன இயங்குதளம், அதன் மேல் கோடி என்ற இலவச மென்பொருள். டிஸ்க்கில் கிடக்கிற வீடியோக்களைப் பார்க்கிற வீட்டுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் போன்றவற்றைப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். அவற்றின் பூட்டு முறைக்கு இந்தப் பலகை முழுத் தரத்தில் ஒத்துப்போகாது. அந்த வேலைக்கு ஆண்ட்ரொய்ட் ரீவி ஸ்டிக்தான் சரி.

எந்த மொடல் என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். 2023இல் வந்த பை 5 புதியது, வேகமானது. ஆனால் படம் ஓட்ட மட்டும் அது தேவையில்லை. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற முறைகளில் எச் 264 பழையது, எச் 265 புதியது. எச் 264 வீடியோவை விரிக்கிற தனிச் சுற்று பை 5இல் இல்லை. அந்த வேலையைச் செயலியே செய்யும், செய்யும்போது சூடாகும். 5 அம்பியர் பவர் சப்ளை கேட்கும், 3 அம்பியர் கொடுத்தால் யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் போகிற கரண்டை 600 மில்லி அம்பியருக்குக் குறைத்துவிடும். ஹெட்போன் ஓட்டையும் கிடையாது. 2019இல் வந்த பை 4இல் எச் 264க்கு 1080பி வரையும், எச் 265க்கு 4கே வரையும் தனிச் சுற்று உண்டு. 2 ஜிபி ரேம் தாராளமாகப் போதும். 1080பி ரீவிக்கு 1 ஜிபியே ஓடும். 4 ஜிபி, 8 ஜிபி வாங்குகிற காசை நல்ல பவர் சப்ளையிலும் அலுமினியப் பெட்டியிலும் போடுங்கள். ராஸ்பெரி பையின் இன்னும் சின்னப் பலகையான ஸீரோ 2 டபிள்யூ மலிவுதான், ஆனால் 512 எம்பி ரேமில் மெனு இழுபடும், எச் 265 படம் திக்கும். பழைய பை 3 கையில் இருந்தால் எச் 264 படங்களுக்கு மட்டும் நம்பலாம்.

பலகையோடு சேர்த்து எடுக்க வேண்டியவை: 5.1 வோல்ட் 3 அம்பியர் யூஎஸ்பி சி பவர் சப்ளை, மைக்ரோ எச்டிஎம்ஐயில் இருந்து சாதாரண எச்டிஎம்ஐக்குப் போகிற கேபிள், 16 ஜிபி அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட், அலுமினியப் பெட்டி. மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் ஊரில் எல்லாக் கடையிலும் இருக்காது. அதனால் பலகை எடுக்கிற இடத்திலேயே அதையும் எடுத்துவிடுங்கள். சின்ன அடப்டர் ஒன்றைப் பலகையில் சொருகி, அதில் மொத்த எச்டிஎம்ஐ வயரைத் தொங்கவிட வேண்டாம். வயரின் பாரத்தில் ஓட்டை ஆட்டம் கண்டு, ஈயப் பற்று விட்டுவிடும். கார்ட்டில் போலி நிறைய வருகிறது. வாங்கினவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். 32 ஜிபி என்று அச்சடித்த கார்ட் 8 ஜிபியோடு நின்றால், கடைக்குத் திருப்பிக் கொடுக்க அதுவே சாட்சி.

இனி பவர். இந்தப் பெட்டி பழுது என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பகுதி பலகையின் பழுது அல்ல, போன் சார்ஜரின் பழுது. கணக்கை ஒருக்கால் பாருங்கள். பலகைக்கு ஏறக்குறைய 1 அம்பியர், சுழல்கிற ஹாட் டிஸ்க்குக்கு இன்னொரு 1 அம்பியர், மொத்தம் 2. மெல்லிய சார்ஜர் வயரின் தடை போக வர 0.2 ஓம் என்று வைத்தால் வழியிலேயே 0.4 வோல்ட் விழுந்துவிடும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் பலகைக்குச் சேர்வது 4.6. பை 4 தாழ்வு மின்னழுத்தம் என்று எடுக்கிற கோடு 4.63. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பலகையின் சிவப்பு விளக்கு மங்கி மினுங்கும், படம் திக்கும், டிஸ்க் சுழலத் தொடங்குகிற அந்த நொடியில் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். இதற்காகத்தான் ராஸ்பெரி பை கொம்பனியின் சொந்த பவர் சப்ளை 5.1 வோல்ட்டில், தடித்த வயரோடு வருகிறது. பின்னேரத்தில் லைன் கரண்ட் தாழ்ந்து மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலும் நல்ல சப்ளை சமாளிக்கும், ஏனென்றால் அது 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும்.

நாலு யூஎஸ்பி ஓட்டைக்கும் சேர்த்துப் பை 4 கொடுப்பது 1.2 அம்பியர்தான். 2.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடும், இரண்டு ஓடாது. டிஸ்க்கில் இருந்து சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் ஊசி பதிவதும் திரும்புவதுமாகக் கிடக்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றி, தனி பவர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றின் ஊடாகக் கொடுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோ முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில் இருக்கிற வீடுகள் அதிகம், அதனால் இதில் பொறுத்துப் பார்க்க வேண்டாம். டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டையில் குத்துங்கள், வயர்லெஸ் கீபோர்ட்டின் குட்டி ரிசீவரைக் கறுப்பு ஓட்டையில் குத்துங்கள். யூஎஸ்பி 3 கேபிளில் இருந்து வருகிற இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். கீபோர்ட் விட்டு விட்டு வேலை செய்வதற்கும் வைஃபை நொண்டுவதற்கும் பல வீடுகளில் காரணம் இதுதான்.

சோலாரில் ஓடுகிற வீட்டுக்கு இது கொடுத்துவைத்த பெட்டி. படம் ஓடும்போது பலகை எடுப்பது சுமார் 5 வோட். நாளுக்கு 4 மணித்தியாலம் பார்த்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது. 12 வோல்ட் பற்றரியில் இருந்து நேரே கொடுக்க மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கிற டிசி டிசி பக் கன்வேர்ட்டர் போதும், இன்வேர்ட்டர் தேவையில்லை. 5 அம்பியர் தாங்கும் என்று எழுதியதை எடுங்கள். 3 அம்பியர் என்று விற்கிற சின்னப் பச்சைப் பலகைகள் 2 அம்பியரிலேயே கொதிக்கும். பலகையை மாட்டுவதற்கு முன், மல்டிமீற்றரைக் கன்வேர்ட்டரின் வெளிமுனையில் வைத்துக்கொண்டு அதன் குட்டித் திருகை மெல்ல மெல்லத் திருப்பி 5.1க்குக் கொண்டுவாருங்கள். மாட்டிய பிறகு திருகைத் தொடக்கூடாது, ஒரு சுற்றுக் கூடினால் பலகை முடிந்தது. பற்றரிப் பக்கம் 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14.4 வோல்ட்டுக்குப் போகும் என்பதையும் கணக்கில் வைத்து கன்வேர்ட்டரைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது சூடு. சித்திரை வைகாசியில், காண்டாவன வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் இந்தப் பலகையை வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, ரீவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்தால் 80 பாகைக்கு ஏறிவிடும். 80இல் அது தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும், 85இல் இன்னும் இறுக்கும். படம் தொடங்கி அரை மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கோடியின் சிஸ்டம் இன்போமேஷன் பக்கத்தில் வெப்பநிலை தெரியும். பெட்டியே சூட்டை உறிஞ்சுகிற அலுமினியப் பெட்டி நல்லது. விசிறி வைத்ததில் எங்கள் செம்மண் தூசி ஒரு கோடைக்குள் அடைத்துவிடும், சத்தமும் தொடங்கும். பெட்டியைத் தொட்டால் கை சுடும், அதற்குப் பயப்பட வேண்டாம், சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

மென்பொருள் ஏற்றுவது அரை மணித்தியால வேலை. லப்டொப்பில் ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து, பலகையாகப் பை 4ஐயும், இயங்குதளப் பட்டியலில் மீடியா பிளேயர் பிரிவில் லிப்ரெலெக்கையும் தெரிவு செய்து கார்ட்டில் எழுதுங்கள். ஒரு படம் டவுன்லோட் செய்கிற டேட்டாகூடப் போகாது. கார்ட்டைப் பலகையின் அடிப்பக்கத்தில் செருகி, யூஎஸ்பி சி ஓட்டைக்குக் கிட்ட இருக்கிற எச்டிஎம்ஐயில் வயரை மாட்டுங்கள். மற்றதில் மாட்டினால் ரீவி ரிமோட் வேலை செய்யாமல் போகலாம். ரீவியை முதலில் போட்டுவிட்டு அதன் பிறகே பலகைக்குக் கரண்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் சில ரீவிகளில் திரை கறுப்பாகவே நிற்கும். முதல் தடவை கார்ட்டின் இடத்தை விரித்து ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும், அதைப் பழுது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

ரீவியின் சொந்த ரிமோட்டாலேயே கோடியை இயக்கலாம் என்பது இந்தப் பெட்டியின் பெரிய சுகம். அம்மம்மாவுக்கு இரண்டாவது ரிமோட் பழக்கத் தேவையில்லை. அதற்கு ரீவி செட்டிங்கில், எச்டிஎம்ஐ வயர் வழியாக ரிமோட் கட்டளையை அனுப்புகிற சிஈசி என்ற தெரிவு இயக்கத்தில் இருக்க வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அது இல்லாத மலிவு ரீவி என்றால் போனில் கோரே என்ற செயலியைப் போட்டு ரிமோட்டாகப் பாவிக்கலாம், இன்டர்நெட் தேவையில்லை, வீட்டு ரவுட்டர் போதும். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிஸ்பிளே செட்டிங்கில் வீடியோ கலிபரேஷனில் மூலைகளை இழுத்துச் சரிசெய்யுங்கள். பிளேயர் செட்டிங்கில் படத்தின் வேகத்துக்கு ஏற்ப ரீவியின் வேகத்தை மாற்றுகிற தெரிவை இயக்கிவிட்டால், கமரா மெல்ல நகர்கிற காட்சிகளில் வருகிற நடுக்கம் போய்விடும்.

இந்தப் பெட்டியின் உண்மையான பலவீனம் கலியாண வீடியோவில் தெரியும். இப்போது ஸ்டூடியோக்காரர் 4கேயில் எச் 264ஆகக் கொடுக்கிறார்கள். பை 4இன் எச் 264 சுற்று 1080பியோடு நிற்பதால் அது படம் படமாகத் தாவும். பலகையில் குற்றம் தேடி மாற்ற வேண்டாம். வீடியோ எடுக்கக் கொடுக்கும்போதே 1080பிப் பிரதி ஒன்றும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கைக்கு வந்துவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் எச் 265க்கு மாற்றலாம், பழைய லப்டொப்பில் இரவு முழுக்க ஓடும். பழைய டிவிடிகளின் விஓபி கோப்புகளை ஒரு தடவை லப்டொப்பால் டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் அப்படியே ஓடும். குறுக்குக் கோடு கோடாகத் தெரிந்தால் ஓடும்போதே வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸை மாற்றுங்கள். இந்த டிவிடிகள் பூஞ்சணம் பிடித்து வாசிக்க முடியாமல் போவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. எங்கள் சனத்திடம் மிஞ்சியிருக்கிற படங்கள் கொஞ்சம்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஸ்கின் செட்டிங்கில் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் சப்டைட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. கோடிக்கு அது விளங்காது, யூனிகோட்டுக்கு மாற்றி யூடிஎஃப் 8ஆகச் சேமிக்க வேண்டும். படங்களின் பெயரோடு வெளிவந்த ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் போஸ்டர் சரியாக வரும். குடும்ப வீடியோ போல்டருக்குப் போஸ்டர் தேடுகிற தெரிவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் போஸ்டர் வந்து ஒட்டும்.

கரண்ட் சட்டென்று நின்றால் லிப்ரெலெக்கின் அடிப்படைப் பகுதி கெடாது, ஏனெனில் அது வாசிக்க மட்டும் முடிகிற பகுதி. கெடுவது கோடியின் பட்டியலும் செட்டிங்குகளும். எல்லாம் சரிசெய்த அன்றே லிப்ரெலெக் செட்டிங்கில் பக்கப் எடுத்து ஒரு பென்ட்ரைவில் வையுங்கள். புரட்டாசி, ஐப்பசி இடி மின்னல் காலத்தில் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பவர் பிளக்கையும், ரவுட்டரில் இருந்து வருகிற லான் வயரையும், ரீவியின் அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். கூரைக் கம்பத்தால் இறங்குகிற மின்னல் ரீவிக்குள் புகுந்து எச்டிஎம்ஐ வழியாகப் பலகையையும் கொண்டுபோய்விடும்.