15 கிலோவுக்குள் ஒரு சஃபாரி: 45 லிட்டர் துணிப்பை எப்படி இருக்கிறது?

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குச் சிறிய விமானத்தில் செல்பவர்களுக்கு, கைப்பையையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு. அந்த 15 கிலோவும் அமுக்கினால் வளைந்து கொடுக்கும் பையில்தான் இருக்க வேண்டும். செஸ்னா கேரவன் போன்ற விமானங்களில் சாமான்கள் வயிற்றுப் பகுதியில் உள்ள ஆழமில்லாத அறைக்குள் போவதால், கெட்டியான வெளிக்கூடும் சக்கரங்களும் கொண்ட சூட்கேஸுக்கு அங்கே இடமில்லை. மாராவில் நான்கு இரவுகள், பிறகு நமங்கா எல்லை வழியாகத் தான்சானியாவின் வனவிலங்குப் பகுதிகளான தரங்கிரே, கோரோங்கோரோ என்று செப்டம்பரில் ஒன்பது நாள் பயணம் வகுத்திருந்த நான், இந்த வரம்பை மனத்தில் வைத்தே சட்டமும் சக்கரமும் இல்லாத 45 லிட்டர் நைலான் துணிப்பை ஒன்றை வாங்கினேன். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பை தயாரிக்கின்றன என்பதால், இங்கே நான் எடைபோடுவது அதன் அளவையும் அமைப்பையும் மட்டுமே.

முதலில் அதன் பெரிய நன்மையைச் சொல்லிவிடுகிறேன். வெறும் பையின் எடை 900 கிராம்தான். சக்கர சூட்கேஸ் என்றால் காலியாகவே மூன்று கிலோவுக்குக் குறையாது. 15 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடும். வில்சனில் தராசில் ஏற்றியபோது, கேமராவும் பைனாகுலரும் இருந்த தோள்பையோடு சேர்த்து 13.2 கிலோ காட்டியது. விமானத்தின் கீழறையில் என் பையை மற்ற இரண்டு பைகளுக்கு இடையே பணியாளர் முழங்கையால் அமுக்கித் திணித்தார். அது பழைய தலையணைபோல மடங்கி இடம் கொடுத்தது. உடையக்கூடிய எதையும் அதில் வைக்காதது நல்லதாகப் போயிற்று.

45 லிட்டர் போதுமா என்ற கேள்விக்கு, போதும் என்றே உறுதியாகச் சொல்வேன். தங்கும் முகாம்களில் பெரும்பாலானவை துணி துவைத்துக் கொடுக்கின்றன. காலையில் கொடுத்த சட்டை அந்த வெயிலில் உலர்ந்து மாலையில் கைக்கு வந்துவிடும். உள்ளாடைகளை மட்டும் சில இடங்களில் நாமே துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே மூன்று முழுக்கைச் சட்டை, இரண்டு மெல்லிய பேன்ட், ஒரு இரவு உடை, ஒரு ஜோடி செருப்பு ஆகியவற்றுக்கு மேல் நான் எடுக்கவில்லை. ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கனமும் அதிகம், உலரவும் நேரமாகும். ஆனால் வெப்பநாடு என்று எண்ணிக் குளிர் உடையைத் தவிர்ப்பது பெரிய பிழை. கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில், கூரை திறந்த வண்டியில் நின்றபடி போகும்போது விரல்கள் விறைத்துவிடுகின்றன. சுருட்டினால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கும் இறகு ஜாக்கெட்டை நான் பையின் ஒரு முனையில் செருகியிருந்தேன். பயணத்தில் அதைப்போல உதவிய பொருள் வேறில்லை.

பையோடு வந்த மூன்று வலைத்துணி உறைகளைத் தனியே பாராட்ட வேண்டும். கென்யா 2017 ஆகஸ்ட் 28 முதலும், தான்சானியா 2019 ஜூன் 1 முதலும் பிளாஸ்டிக் கேரி பைகளைத் தடைசெய்துவிட்டன. அழுக்குத் துணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கும் நம் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. இந்த உறைகள் அந்தக் குறையைத் தீர்த்ததோடு, மங்கலான விளக்கொளியிலும் எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டின.

இனிக் குறைகள். முதல் குறை ஜிப். வறண்ட மாதங்களில் மாராவின் மண் பாதைகளில் எழும் தூசி மாவைவிட மெல்லியது. மூன்றாம் நாள் மாலை ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. இழுக்க இழுக்கத் துணியைத்தான் கடித்தது. முகாமில் அறையைக் கவனித்துக்கொண்ட பெரியவர் பையை வாங்கிப் பார்த்தார். உலர்ந்த பல்துலக்கியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டித் தூசியை உதிர்த்தார். பிறகு மேசையில் இருந்த மெழுகுவர்த்தித் துண்டை இருபுறமும் மேலும் கீழுமாகத் தேய்த்தார். ஐந்து நிமிடத்தில் ஜிப் புதிதுபோல ஓடியது. அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை நானும் அப்படியே செய்தேன். இந்தப் பையை விற்பவர்கள் இன்னும் பெரிய பற்களுள்ள ஜிப்பைப் பொருத்தியிருக்க வேண்டும். மண்ணும் வெயிலும் உள்ள இடங்களுக்கென்றே விற்கப்படும் பையில் இது சிறிய தவறன்று.

இரண்டாவது குறை நிறம். அதில் பாதிப் பிழை என்னுடையது. நான் வாங்கியது அடர்நீலம். தரங்கிரேயில் பின்னிருக்கையில் கிடந்த அந்தப் பையின் மேல், ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பக்கத்தில் இருந்த காக்கி நிறப் போர்வையை அவை அவ்வளவாக நாடவில்லை. செட்சி ஈயை நீலமும் கறுப்பும் ஈர்க்கின்றன. அதனால்தான் அவற்றைப் பிடிக்கும் பொறிகளை அந்த நிறத் துணிகளில் தைக்கிறார்கள். அதன் கடி மெல்லிய சட்டையையும் துளைத்துவிடும். ஓட்டுநர் என் பைமேல் போர்வையைப் போர்த்திய பிறகே தொல்லை குறைந்தது. உடைக்குச் சொல்லப்படும் காக்கி, வெளிர்பச்சை, மண்நிறம் என்ற அறிவுரை பைக்கும் பொருந்தும். இதே பை ராணுவ உடைபோன்ற பலநிறப் புள்ளி வடிவத்திலும் கிடைக்கிறது. ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் பொதுமக்கள் அந்த வடிவத்தை அணிவதே சட்டவிரோதம் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

தோள்பட்டை வாரில் பஞ்சு போதவில்லை. நமங்காவில் வரிசையில் நின்ற முக்கால் மணி நேரத்தில் தோள் சிவந்துவிட்டது. அடிப்பகுதித் துணி மட்டும் நீர் புகாதது, பக்கங்கள் அப்படியல்ல.

இவ்வளவுக்குப் பிறகும், அடுத்த பயணத்துக்கு இதையே எடுப்பேன். ஆனால் காக்கி நிறத்தில், வெளிப்பையில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டோடு.