சைக்கிள் பாதை வந்துவிட்டது, சக்கர நாற்காலி எங்கே இறங்குவது?

ஊரில் சைக்கிளுக்கென்று தடுப்பு வைத்துத் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். மிதிப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், காரிலிருந்து நடைபாதை வரையுள்ள அந்தச் சில அடிகளை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

முன்பு கார்க் கதவைத் திறந்தால் நடைபாதை. இப்போது தடுப்புக்கு வெளியே, ஓடும் வண்டிகளின் பக்கம் இறக்கி, இடைவெளி தேடி, சைக்கிள் பாதையைக் கடந்து, நடைபாதையின் 15 செ.மீ. உயர விளிம்புக் கல்லில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு வழி இருக்கிறது. கார் நிற்கும் இடத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே 1.5 மீட்டர் காலி இடம் வேண்டும். பக்கவாட்டுச் சாய்தளம் உள்ள வேன் என்றால் சுமார் 2.4 மீட்டர். அதற்கு நேரே தடுப்பைத் திறந்துவிட வேண்டும்.

அடுத்தது ஏற்றம். சாய்தளம் 1:12 என்றால், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் தேவை. குறுகலான நடைபாதையை அதுவே விழுங்கிவிடும். இடம் இல்லாமல் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னால் சாயும். ஆகவே கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவதுதான் சிறந்தது. சைக்கிளும் அங்கே வேகம் குறைக்கும். மழைநீர் தேங்காமல் அடியில் குழாய் விட வேண்டும். மேலே கம்பி மூடி போட்டால் சிக்கல்: நீளத் துளைகள் நாற்காலிக்குக் குறுக்காக இருந்தால் சைக்கிளுக்கு நேராக அமையும், சக்கரம் மாட்டும். 13 மி.மீ.க்கு மிகாத சிறு துளை மூடிதான் இருவருக்கும் பொருந்தும்.

பார்வையற்றவர்களுக்குச் சைக்கிள் வரும் சத்தம் எளிதில் கேட்காது. கடக்கும் இடத்தின் இரு ஓரத்திலும் புள்ளி புடைத்த ஓடுகள் அவசியம். மற்ற இடங்களில் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே விளிம்பு வேண்டும், 60 மி.மீ.க்குக் குறைந்தால் காலுக்கும் கோலுக்கும் நம்பகமாகத் தட்டுப்படாது. வெள்ளைக் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போவது அவர்களைக் கைவிடுவதுதான்.

பஸ் நிறுத்தம் சைக்கிள் பாதைக்கு அப்பால் தீவுபோல நின்றால், பஸ்ஸின் சாய்தளம் விரியவும் நாற்காலி திரும்பவும் சுமார் 2.4 மீட்டர் ஆழம், 1.5 மீட்டர் அகலம் தேவை. நிழற்குடைத் தூணும் விளம்பரப் பலகையும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடப்படுகின்றன.

கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டிக்காரர்களும் இந்தப் பாதைக்கு உரியவர்கள்தான். மோட்டார் பைக் நுழையாமலிருக்க வாசலில் கம்பங்களை நெருக்கி நடும்போது முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்கள். 2020இல் வந்த பிரிட்டன் அரசின் சைக்கிள் பாதை வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள வண்டி போகும்படி வடிவமைக்கச் சொல்கிறது. கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர். அந்த அகலத்தில் பைக்கும் நுழையும், உண்மை. அதைத் தடுக்கக் காவலும் அபராதமும் வேண்டும், கம்பம் அல்ல.

எல்லாம் சரியாகக் கட்டிய இடமும் தார் போடும்போது கெடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டால் சாய்தளத்தின் அடியில் படி விழும். 6 மி.மீ. தாண்டிய படியே நாற்காலியின் சிறு முன்சக்கரத்தைத் தடுக்கக்கூடும். சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி, வேலை தொடங்குமுன்பே வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தார் இறுகிய பிறகு யாரும் திரும்பி வருவதில்லை.