மேவெதரா, பாக்கியாவா, உசிக்கா? என் வரிசை

மதுரையில் பாக்சிங் பேச்சை எடுத்தால் அலி, டைசன் இரண்டு பேரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வந்தவர்களைப் பற்றிக் கேட்டால், ரீல்ஸில் பத்து நொடி பார்த்த பையன்கள் “மேவெதர்தான்ணே, 50 சண்டைக்கு 50 வெற்றி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2000-க்குப் பிறகு உச்சத்துக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஃப்ளாய்ட் மேவெதர், மேனி பாக்கியாவ், டெரன்ஸ் கிராஃபோர்ட், நவோயா இனோவே, ஒலெக்சாந்தர் உசிக். (பெண்கள் பக்கம் கிளாரெசா ஷீல்ட்ஸ், கேட்டி டெய்லர் இருவரையும் வைத்தே தனியாக எழுதலாம்.)

அலங்காநல்லூரில் கார் பரிசு என்னவோ பிடித்த மாடுகளின் எண்ணிக்கைக்குத்தான் போகும், ஆனால் மறுநாள் ஊரே பேசுவது எவன் எந்த மாட்டின் திமிலில் தொங்கினான் என்பதைத்தான். பாக்சிங்கிலும் நான் அதையே கேட்பேன். எதிரில் நின்றவன் யார், அப்போது அவன் எந்த நிலையில் இருந்தான், சண்டை யாருடைய ஊரில் நடந்தது?

இந்தக் கேள்விகளுக்கு உசிக் அளவுக்குப் பதில் வைத்திருப்பவர் யாரும் இல்லை, அதனால் முதலிடம் அவருக்கு. உக்ரைன்காரர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட் எடைப்பிரிவில் பெல்ட்டுகளை அவர் சேர்த்த ஊர்களைப் பாருங்கள்: போலந்துக்காரர் குவோவாட்ஸ்கியைப் போலந்திலேயே, லாட்வியாக்காரர் பிரீடிஸை ரீகாவிலேயே, ரஷ்யாக்காரர் கஸீவை மாஸ்கோவிலேயே வென்றார். 2018-ல் நான்கு பெல்ட்டும், அதாவது அந்தப் பிரிவின் நான்கு முக்கிய உலகப் பட்டங்களும், கையில். பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 2021-ல் லண்டனில் பிரிட்டன்காரர் ஆந்தனி ஜோஷுவாவை அவருடைய ரசிகர்கள் முன்னாலேயே தோற்கடித்தார்.

2024 மே மாதம் ரியாத்தில் பிரிட்டன் ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃப்யூரியோடு நடந்த சண்டையை முழுசாகப் பாருங்கள், நமக்கு ஞாயிறு விடிவதற்கு முன்னால் நடந்தது அது. ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், உசிக் 6 அடி 3. நடு ரவுண்டுகளில் ஃப்யூரியின் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) வயிற்றில் ஏறிக்கொண்டே இருந்தது, சண்டை கைவிட்டுப் போனது மாதிரிதான் தெரிந்தது. ஆனால் உசிக்கின் காலைக் கவனிக்க வேண்டும். இடதுகைக்காரரான அவர் தன் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கமாக வைக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார், அந்த இடம் கிடைத்துவிட்டால் இடது கைக்கு நேர் வழி திறந்துவிடும். ஒன்பதாவது ரவுண்டில் அப்படிப் போன இடது கையில் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடிப் போனார். நடுவர் இடையில் புகுந்து எண்ண ஆரம்பித்ததுதான் அவருக்கு மூச்சு கொடுத்தது. அதே டிசம்பரில் மறுபடி மோதியபோது ஃப்யூரியின் எடை உசிக்கைவிட ஏறக்குறைய 25 கிலோ அதிகம், அப்போதும் வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். இரண்டே எடைப்பிரிவுதானே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அந்த இரண்டிலும் அவர் சந்திக்காமல் விட்ட பெரிய ஆள் என்று யாரைச் சொல்வீர்கள்?

இரண்டாவது பாக்கியாவ், இங்கேதான் சண்டைக்கு வருவார்கள். எட்டுத் தோல்வி இருக்கிறதே, மேவெதரிடமே தோற்றாரே என்பார்கள். 1998-ல் 51 கிலோவுக்குள் உலகப் பட்டம் வாங்கிய பையன் 2010-க்குள் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் எடுத்துவிட்டான், இதை வேறு எந்த ஆணும் செய்ததில்லை. பரேரா, மொராலஸ், மார்க்கஸ், கோட்டோ என்று யாரையும் ஒதுக்கவில்லை. 2008-ல் தன்னைவிடப் பெரிய ஆளான ஆஸ்கர் டி லா ஹோயாவை எட்டு ரவுண்டில் ஸ்டூலிலிருந்து எழ முடியாதபடி செய்தது பாக்சிங்கில் நான் மிகவும் நேசிக்கும் சண்டைகளில் ஒன்று. 40 வயதில், அதுவரை தோல்வியே காணாத கீத் தர்மனை முதல் ரவுண்டிலேயே கீழே உட்கார வைத்து ஜெயித்தார்.

மூன்றாவது கிராஃபோர்ட். 2023-ல் எரல் ஸ்பென்ஸை அவர் பிரித்துப்போட்டதுபோல இரண்டு பெரிய ஆட்கள் மோதும் சண்டை ஒருபக்கமாகப் போனது அரிது: மூன்று தடவை கீழே விழ வைத்து, ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். 2025 செப்டம்பரில் இரண்டு எடைப்பிரிவு மேலே போய் மெக்சிகோ சாம்பியன் கனெலோவையும் ஜெயித்து, மூன்று எடைப்பிரிவுகளில் நான்கு பெல்ட்டையும் சேர்த்த முதல் ஆண் ஆனார். அந்த இரண்டு சண்டைகளுக்கு முன்னால் அவர் பட்டியல் கொஞ்சம் மெலிவு, அதனால்தான் பாக்கியாவுக்குக் கீழே.

மேவெதருக்கு நான்காவது இடம். தற்காப்பில் அவருக்கு மேல் ஆள் கிடையாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. இடது தோளைத் தூக்கித் தாடையை மறைத்து, வருகிற குத்தை அந்தத் தோளிலேயே உருட்டிவிட்டு, அதே அசைவில் வலது கையைப் போடுவார். மதுரை சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மூழ்கியிருந்த 2015 மே மாத ஞாயிறு காலை, பாக்கியாவை 118-110, 116-112, 116-112 என்று வென்றதும் நேர்மையான வெற்றிதான். ஆனால் ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சுவார்த்தையில் முறிந்து 2010-லிருந்து தள்ளிப்போன சண்டை அது. நடுவில் 2012-ல் மார்க்கஸ் ஒரே வலது கையில் பாக்கியாவை முகம் குப்புற விழ வைத்துவிட்டார். கனெலோவை ஜெயித்தபோது கனெலோவுக்கு வயது 23, எடையும் மேவெதருக்கு ஏற்றபடி குறைத்துப் பேசியது. அந்த 50-வது வெற்றி? முதல் தடவையாகத் தொழில்முறை பாக்சிங் வளையத்துக்குள் வந்த எம்எம்ஏ (கலப்புச் சண்டை) வீரர் கானர் மெக்ரெகர்மேல். 50 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஐந்தாவது இனோவே. இந்த ஐவரில் குத்துக்குக் குத்து அதிகம் பயமுறுத்துபவர் அவர்தான். 2019-ல் சைதாமாவில் நோனிட்டோ டோனேருடன் கண்குழி எலும்பு உடைந்த நிலையிலும் ஆடி, 11-வது ரவுண்டில் கல்லீரல் பக்கம் ஒரு குத்து போட்டார் பாருங்கள், டோனேர் திரும்பி நடந்துபோய் முழங்காலிட்டார். இரண்டு எடைப்பிரிவுகளில் நான்கு பெல்ட்டும் சேர்த்தாயிற்று. குறை என்றால், பெரிய சண்டைகளில் பெரும்பாலானவை ஜப்பானிலேயே, எதிராளிகள்தான் அங்கே வந்தார்கள். 57 கிலோவுக்கு ஏறி, வெளியூரில் போய் ஒரு பட்டம் எடுத்தால் மேவெதருக்கு மேலே போட்டுவிடுவேன். பாக்கியாவைத் தாண்ட அதுவும் பத்தாது.