ஆறு மாதம் என்று சொல்லி இருபத்தொரு மாதத்தில் வந்த கிட்டார்

கோத்தகிரியில் ஒரு பள்ளியில் இசை கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறேன். 2023 பிப்ரவரியில், சமவெளி நகரம் ஒன்றில் இருக்கும் சிறிய பட்டறையில், என் உடலுக்கும் கைக்கும் ஏற்ற அளவில் ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் செய்து தரச் சொல்லி 66,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். பேசிய விலை 1,10,000 ரூபாய். ஆகஸ்டில் கிடைக்கும் என்றார்கள். என் கைக்கு அது வந்தது 2024 நவம்பரில். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே வேலை செய்யும் இடம் அது. கிட்டார் செய்பவருடைய கைத்திறனைப் பற்றி எனக்கு இன்றும் குறை இல்லை. இப்படி ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு எந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்பது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையில் தொங்கும் கிட்டாரை வாங்காமல் இவ்வளவு செலவு செய்ததற்குக் காரணம் என் வலது தோள். தோள் இறுகிப்போய் ஓராண்டு சிகிச்சை எடுத்த பிறகு, பெரும்பாலானோர் வாசிக்கும் டிரெட்நாட் கிட்டாரின் அகன்ற வயிற்றின் மேல் கையைத் தூக்கி வைத்து அரை மணி நேரம்கூட வாசிக்க முடியவில்லை. இடை ஒடுங்கி ஆழம் குறைந்த ஓ.எம். வடிவம், வழக்கமான 25.4 அங்குலத்துக்குப் பதிலாக 24.9 அங்குலக் கம்பி நீளம், விரல்கள் நெருக்கப்படாமல் இருக்க 44.5 மில்லிமீட்டர் அகல நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) ஆகியவற்றைக் கேட்டேன். நீளம் அரை அங்குலம் குறைந்தால் அதே கம்பிகள் சற்றுத் தளர்ந்து நிற்கும். இடது கைக்கும் அது உதவி. மேல்பலகைக்கு சிட்கா ஸ்ப்ரூஸ், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம், கழுத்துக்கு மஹாகனி, விரற்பலகைக்குக் கருங்காலி என்று முடிவாயிற்று. அவர் என் கையைப் பிடித்து விரல்களை அளந்து குறித்துக்கொண்டது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது. அந்த நம்பிக்கையில்தான், ரசீதில் தேதி போடாமல் "சுமார் ஆறு மாதம்" என்று எழுதியதை நான் கேள்வி கேட்காமல் வாங்கிவந்தேன்.

முதல் தாமதம் ஸ்ப்ரூஸ் பலகையால் வந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து வர வேண்டிய மரம் அது. ஜூலை இறுதியில்தான் வந்து சேர்ந்தது. புத்தகம் விரித்ததுபோல் இரண்டாகப் பிளந்து ஒட்டவிருந்த அந்தப் பலகையின் படத்தை அனுப்பினார். வரிகள் நெருக்கமாகவும் நேராகவும் இருந்தன. வந்த மரத்தை உடனே அறுக்காமல் பட்டறையின் காற்றுக்குப் பழகவிட வேண்டும் என்றார். அது முழுக்க நியாயம். ஈரம் அடங்காத பலகையில், உள்பக்கம் அதைத் தாங்கும் பிரேசிங் சட்டங்களை ஒட்டிவிட்டால், பிறகு காற்று உலரும்போது பலகை சுருங்கி வெடிக்கும். எங்கள் ஊரில் இது ஏட்டுச் செய்தி இல்லை. தொட்டபெட்டா தென்மேற்கு மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. அப்போது வீட்டுக்குள்ளேயே மூடுபனி வந்து உட்காரும். அடுத்து வரும் ஜனவரியில் உறைபனியோடு காற்று காய்ந்துவிடும். இரண்டே மாத இடைவெளியில் மரம் ஊதிச் சுருங்கும் ஊரில் இருப்பவள், மரம் பதப்படக் காத்திருப்பதைக் குறை சொல்லக்கூடாது.

இரண்டாவதாகச் சொன்ன காரணம் மழை. மரத்துக்குப் பளபளப்புத் தரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சை ஈரக்காற்றில் அடித்தால் பூச்சுக்குள் ஈரம் சிக்கி, கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் வெளுத்துவிடும். இதுவும் உண்மைதான். ஆனால் லாக்கர் கடைசிக் கட்ட வேலை. என் கிட்டாருக்கு அப்போது பக்கங்கள்கூட வளைக்கப்படவில்லை என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். அக்டோபரில் மூன்றாவது காரணம் வந்தது: ஈட்டி மரத்துக்கு சர்வதேச அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லையாம். ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கும் கிடைத்தது. இவை எல்லாம் நாட்டு எல்லையைத் தாண்டும் சரக்குக்கான விதிகள். உள்ளூரில் வாங்கிய பலகையில் செய்து, உள்ளூரில் விற்கும் கிட்டாருக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. மரக்கடை ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். பதில் வரவில்லை. அன்றுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் எழுந்தது. ஏனென்றால் முதல் இரண்டு காரணங்கள் மரத்தையும் மழையையும் பற்றியவை, மூன்றாவது என்னைச் சமாளிப்பதற்காகச் சொன்னது.

அதன்பின் ஐந்து மாதம் ஒரு செய்தியும் இல்லை. நான் அழைத்தால் எடுக்கமாட்டார். குறுஞ்செய்தியைப் படித்த நீலக்குறி மட்டும் தெரியும். அதே நாட்களில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் முடிந்த கிட்டார்களின் படங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, எனக்கு நான்கு மாதம் பின்னால் ஆர்டர் கொடுத்தவருடையது என்று அந்தப் படத்தின் கீழேயே எழுதியிருந்தது. பணம் கொடுத்துவிட்டுப் பிச்சை கேட்பவள்போல் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது மனத்தை வருத்தியது.

2024 ஏப்ரலில், பள்ளி விடுமுறை தொடங்கியதும், காலை முதல் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, சொல்லாமல் நேரே பட்டறைக்குப் போனேன். அலமாரியின் மேல்தட்டில் என் பலகைகள் பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் பென்சிலால் "கோத்தகிரி டீச்சர்" என்று எழுதியிருந்தது. பதினான்கு மாதத்தில் அவற்றின் மேல் நடந்திருந்த வேலை அந்தப் பென்சில் எழுத்து மட்டுமே.

"டீச்சர், பொய் சொல்ல மனசு வரலைங்க. உங்க மரத்த இன்னும் தொடவே இல்லைங்க" என்றார். உதவியாளர் வேலையை விட்டுப்போய்ப் புதிய ஆள் வந்து பழக நாளாகியிருக்கிறது. கையில் பதினான்கு ஆர்டர்கள். புதிதாக வரும் முன்பணத்தில்தான் பழைய ஆர்டர்களுக்குச் சாமான் வாங்குகிறார். நேரில் வந்து நிற்பவருடைய வேலை முன்னே போகிறது, மலையில் இருப்பவருடையது பின்னே போகிறது. இதை அவர் தலை குனிந்தபடி சொன்னார். எனக்குக் கோபம் இருந்தது, இரக்கமும் இருந்தது. "தம்பி, இதை அக்டோபர்லயே சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பேனே" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, ஒப்புக்கொண்டபடி வேலையைச் செய்து தராதது சேவைக் குறைபாடு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எனக்கு அது ஊட்டி. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "அடுத்த மாதம்" என்ற சொல்லை நம்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டு எப்போது கரைந்தது என்றே தெரியாமல் போகும். இதையெல்லாம் அவரிடம் மிரட்டலாகச் சொல்லவில்லை; எனக்குத் தெரியும் என்பதை மட்டும் தெரிவித்தேன்.

பட்டறை மேசையிலேயே உட்கார்ந்து புதிய ஒப்பந்தம் எழுதினோம். மீதி 44,000 ரூபாயில், கிட்டாரின் உடற்பகுதியை ஒட்டி மூடியதும் 15,000, கழுத்து பொருத்திப் பூச்சு முடிந்ததும் 15,000, கையில் வாங்கும்போது 14,000. ஒவ்வொன்றுக்கும் தேதி. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு படம், வேலை நடக்காவிட்டாலும் நடக்கவில்லை என்று ஒரு வரி. நவம்பர் முடிவதற்குள் தராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். ஓராண்டுக்குள் ஒருமுறை செலவில்லாமல் செட்டப் (கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்யும் வேலை) செய்து தர வேண்டும். இருவரும் கையெழுத்திட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. அதன்பின் படங்கள் தவறாமல் வந்தன. ஒரு மாதம் "இந்த மாசம் ஒண்ணும் ஆகலைங்க" என்று வந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு நிம்மதிதான் வந்தது.

மழையில் மண் சரியும் சாலையில் கூரியரை நம்பாமல், நவம்பர் மூன்றாம் வாரத்தில் நானே போய் வாங்கிவந்தேன். கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: தாழ்ந்த கம்பிகள் முழங்காமல் தெளிவாக நிற்கின்றன, மேல்கம்பிகளில் மணியோசை இருக்கிறது, நாற்பது பேர் பாடும்போதும் நடுக்குரல்களோடு மோதாமல் தனியே கேட்கிறது. விரற்பலகையில் பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதான ஃப்ரெட்டில் சுருதி பிசகவில்லை. முழு ஆராதனையும் வாசித்து முடித்த பிறகு தோள் வலிக்கவில்லை. கழுத்தின் அடியில் பூச்சு ஓரிடத்தில் திரண்டிருக்கிறது. நட்டில் மூன்றாம் கம்பியின் பள்ளம் இறுக்கமாக இருந்து, சுருதி கூட்டும்போது கிரீச்சிட்டது. பென்சில் கரியைத் தடவிச் சமாளிக்கிறேன். ஜனவரியில் மேல்பலகை சற்று இறங்கி, கம்பிகள் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் உரசின. கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள் ஈரப்பத மானி வைத்து, 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்தியதும் பாதி சரியாயிற்று.

கிட்டாருக்காக அவரைப் பரிந்துரைப்பேன். முன்பணத்தை மொத்தமாகக் கொடுத்து, தேதி இல்லாத ரசீதோடு வீடு திரும்புபவருக்குப் பரிந்துரைக்கமாட்டேன். கையில் எத்தனை ஆர்டர், நான் எத்தனையாவது என்று கேட்டு அதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய செட்டப் இன்னும் பாக்கி இருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். தேதியை அவரே குறித்து அனுப்பியிருக்கிறார்.