130,000 ரூபாக் கத்தி: செபென்சா 31

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் போன தடவை ஊருக்கு வந்தபோது எனக்காக வாங்கி வந்த மடக்குக் கத்தி இது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் பெரிய செபென்சா 31, மெக்னாகட் என்ற உருக்கில் அலகு. விலை 450 டொலரைத் தாண்டும். நம் இலங்கைக் காசில் 130,000 ரூபாவுக்கு மேல். கேட்டவர்கள் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். இருந்தாலும், அலங்காரம் இல்லாத சாதாரண மாதிரி என்றால் அந்தக் காசு வீண் இல்லை என்றுதான் சொல்வேன்.

மாம்பழக் காலம் முழுக்க இதைத்தான் பாவித்தேன். எங்கள் வீட்டுக் கத்தி லொறி வில்லுத் தகட்டில் அடித்தது, இரண்டாயிரம் ரூபாவுக்குள் வரும். கூர் அருமை. ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அதால் வெட்டினால் அலகு கறுக்கும், வெட்டிய இடத்தில் இரும்பு வாடை ஒட்டும். துடைக்காமல் வைத்தால் நம் உப்புக் காற்றில் விடியும்போது துருப் பூத்திருக்கும். செபென்சாவில் அந்தக் கதையே இல்லை. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மெக்னாகட், கூர்மையையும் துருப்பிடிக்காத தன்மையையும் ஒன்றாகத் தருகிற உருக்கு. பால் ஒட்டிய அலகை மறந்துபோய் மேசையில் விட்டும் ஒரு புள்ளி விழவில்லை.

ஊரில் கத்தி அடிக்கும் ஐயாவிடம் காட்டினேன். அலகைப் பெரிதாகப் பார்க்கவில்லை. திறந்தும் மடக்கியும், காதருகே பிடித்துக் கேட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரும்பு நல்லது தம்பி. ஆனா அவங்கள் காசு வாங்கினது இந்த மடிப்புக்குத்தான்." சரியாகப் பிடித்துவிட்டார். மடக்கினால் இரண்டு டைட்டேனியத் தகடுகளுக்கும் அச்சொட்டாக நடுவில் போய் அலகு நிற்கிறது. விரித்தால் பக்கவாட்டில் துளி ஆட்டம் இல்லை. பிடியின் ஒரு பக்கத் தகட்டையே கீறி, அதுவே வில்லாக வளைந்து அலகின் பின்னால் போய் நிற்கும் பூட்டு கிறிஸ் ரீவ் கொண்டுவந்தது. இன்று மலிவான சீனக் கத்திகளிலும் அதே பூட்டுத்தான். நொங்குச் சாறு உள்ளே போய் இறுகியபோது, கூடவே வந்த சாவியால் திருகுகளைக் கழற்றி, வெண்கல வளையங்களைக் கழுவி, எண்ணெய் தொட்டுப் பூட்டினேன். மறுபடி அதே வழுக்கல்.

குறையும் உண்டு. வீட்டுத் தீட்டுக்கல் இந்த உருக்கில் லேசில் ஏறாது, வைரத் தூள் பதித்த தகடு வேண்டும். சாணைக்காரரின் சக்கரத்தில் கொடுக்கவே வேண்டாம், சூடேறினால் விளிம்பின் பதம் போய்விடும். மெல்லிசாகச் சீவுவதற்கு, இதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் பிரெஞ்சு மடக்குக் கத்தி ஓபினெல் 8 இன்னும் நன்றாக ஓடும். ஆனால் அதன் மரப்பிடி மாரி மழைக்கு ஊதி, அலகை இழுத்தெடுப்பதே பாடாகிவிடும்.

சேகரிப்பாளர்களுக்கென்று வரும் டமாஸ்கஸ் அலகு, கல் பதித்த பிடி மாதிரிகள்தான் எனக்கு ஒப்பாதவை. சாதாரண மாதிரியை விட விலை நன்றாகக் கூட. அந்த அலை வரிகள் இருவகை உருக்கை அடுக்கி அடித்து, அமிலத்தில் நனைத்து வருபவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண் கலத்தில்) உருக்கிய பழைய உருக்கில் அடித்த அலகுகளுக்கும் டமாஸ்கஸ் என்றே பெயர், அதில் வரி தானாகவே எழுந்தது. பெயரைக் கேட்டு இரண்டும் ஒன்றென்று எண்ணிக் காசைக் கொட்டாதீர்கள். மெக்னாகட்டை விட அது நன்றாக வெட்டப் போவதும் இல்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவருக்கு அது ஒரு வியாபாரம். அப்படி வாங்குவதென்றால் நகை வாங்கலாம், அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது சொல்லி எடுப்பிப்பதென்றால் சாதாரண மாதிரியையே கேளுங்கள். மிச்சக் காசில் வைரத் தகடு ஒன்றையும் சேர்த்து வாங்கி, இரண்டையும் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.