கனவு நாடும் கொடுங்கோல் நாடும்: குட்டன்பர்க் இலவச மின்நூலகம் பற்றி

அறிவியல் புனைவின் இலட்சிய உலகங்களும் கொடுங்கோல் உலகங்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியே வளர்ந்தவை. தனித்தனியாகப் படித்தால் வாதத்தில் பாதிதான் காதில் விழும். வரிசையாகப் படிக்க குட்டன்பர்க் திட்டத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. கட்டணமும் கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம்.

அமெரிக்க எழுத்தாளர் பெல்லமியின் 'லுக்கிங் பேக்வர்ட்' (1888) நல்ல தொடக்கம். 1887-இல் பாஸ்டனில் உறங்கியவன் 2000-இல் விழிக்கிறான். அங்கே 21 வயதில் தொழிற்படையில் சேர்ந்து 45-இல் ஓய்வு பெறுகிறார்கள். பணத்துக்குப் பதில் கடன் அட்டை. இந்தப் பட்டாள ஒழுங்கைப் பொறுக்காத வில்லியம் மாரிஸ் 1890-இல் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' எழுதினார். அவருடைய நாட்டில் வேலையை யாரும் ஏவுவதில்லை, வேலையே இன்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

அடுத்தது கொடுங்கோல் உலகம்: ரஷ்ய எழுத்தாளர் ஜமியாத்தினின் 'வி' ('நாங்கள்'). குட்டன்பர்கில் இருப்பது ஸில்பூர்கின் 1924 ஆங்கில மொழிபெயர்ப்பு. பெயருக்குப் பதில் எண், கண்ணாடிச் சுவர் வீடு, நகரைச் சுற்றி மதில். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டம் வரையறுத்து, டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்த குடும்பங்களுக்கு அந்த மதில் கற்பனையாகத் தோன்றாது. டர்பன் வாசகர்கள் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் 'அண்டூ திஸ் லாஸ்ட்' என்ற பொருளாதாரக் கட்டுரை நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். புனைவு அல்லதான், ஆனால் காந்தி 1904-இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் வரும்போது படித்து, அதன் பேரில் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்த நூல். ஒரு கனவு நாட்டை நம் ஊரிலேயே கட்டிப் பார்த்திருக்கிறார்கள்!

குறை என்றால் 1949-இல் வந்த ஆர்வெல்லின் '1984' அங்கே கிடையாது. 1946-இல் 'வி'க்கு மதிப்புரை எழுதியவர் அவர். அந்த நூல் இல்லாமல் வரிசை முடியாது. குட்டன்பர்க் பின்பற்றும் அமெரிக்கச் சட்டம், இதுபோன்ற பழைய நூல்களுக்கு அவை வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு காப்புரிமை தருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 50 ஆண்டுதான். ஆர்வெல் 1950-இல் காலமானதால் 2001 முதல் இங்கே காப்புரிமை இல்லை. குட்டன்பர்க் ஆஸ்திரேலியா என்ற தனித் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் ஆளும் கனவு நாட்டைக் காட்டும், வங்க எழுத்தாளர் ரொக்கேயாவின் 'சுல்தானாஸ் டிரீம்' (1905, சென்னையின் 'இந்தியன் லேடீஸ் மேகசின்') பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெண் எழுத்தாளர் பக்கத்தில் இருக்கிறது. சிறுகதை அளவுதான், ஒரே அமர்வில் முடியும், தவறவிடாதீர்கள்.

கோப்பைத் தேர்வு செய்வதில்தான் பலர் சிக்குகிறார்கள். டேட்டா மிச்சம் என்று வெறும் எழுத்துக் கோப்பை எடுத்தால், ஏறத்தாழ 70 எழுத்துக்கு ஒரு முறை வரி உடைந்திருக்கும். கைபேசியில் ஒரு நீள வரி, ஒரு குட்டை வரி என்று கண்ணை உறுத்தும். சாய்வெழுத்துச் சொற்களின் இருபுறமும் அடிக்கோடு நிற்கும். படமில்லாத ஈபப் (EPUB என்ற மின்நூல் வடிவம்) எடுங்கள். அதுவும் சிறியது, வரிகள் திரையகலத்துக்கு ஏற்ப மடங்கும், மின்வெட்டு நேரத்தில் இணையம் இல்லாமலே படிக்கலாம். எழுத்துக் கோப்பு மட்டும் கிடைத்தால் காலிபர் மென்பொருளில் ஈபப்பாக மாற்றுங்கள். மாற்றும் முன் 'ஹியூரிஸ்டிக் பிராசஸிங்' பகுதியை இயக்கி, உடைந்த வரிகளை இணைக்கும் தேர்வு அதில் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.