கடைப்பெயரோடு ஒரு காலண்டர்: கோவில்பட்டியில் கொண்டையராஜு காட்சிக்கூடம்

கோவில்பட்டியில் பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில், காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜுவின் அச்சுப் படங்களுக்கென்றே ஒரு குடும்பத்தார் சிறிய காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். குடியிருக்கும் வீடு என்பதால் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதை மதித்து, அங்கே கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன். மூன்றே அறைகள்தாம். ஆனாலும் நெல்லைச் சீமையின் விளம்பரக் கலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு முதற்காரணம், இவர்கள் எந்தப் படத்தையும் வெட்டவில்லை என்பதே. ஆண்டு முடிந்ததும் காலண்டரின் அடியில் இருக்கும் கடைப்பெயரையும் தேதித் தாளையும் நறுக்கி எறிந்துவிட்டு, சாமி படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூஜை அறையில் மாட்டுவது நம் வீடுகளின் வழக்கம். சேகரிப்பாளர்கள் பலரும் அப்படி நறுக்கப்பட்ட படங்களைத்தான் வாங்குகிறார்கள். இந்தக் கூடத்திலோ மேலே தகரப் பட்டி, நடுவே படம், அதன் கீழே ஜவுளிக்கடையோ பலசரக்குக் கடையோ காபித்தூள் வியாபாரியோ அச்சிட்டுக் கொடுத்த பெயர், அதற்கும் கீழே பாதி கிழிக்கப்பட்ட தினசரித் தாள்கள் என்று எல்லாம் இருந்தபடியே தொங்குகின்றன. மகாலட்சுமியின் கையிலிருந்து பொற்காசுகள் சொரியும் இடத்துக்கு நேர் கீழே நகைக்கடையின் பெயர் வருவதைப் பார்க்கும்போது, அந்தப் படம் எந்த வேலைக்காக வரையப்பட்டது என்பது விளங்குகிறது. அதனால் பக்தி ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே ஆண்டுதோறும் கைமாறிய மரியாதை அது.

கொண்டையராஜு பிறந்தது இந்த மண்ணில் அல்ல. 1898இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, துறவு நாட்டத்தோடு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலையில் சேர்ந்தவர். அந்த வேலைதான் அவரை 1940களில் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தது. 1976இல் மறையும் வரை இதுவே அவருடைய ஊராயிற்று. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கோவில்பட்டி, 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. முதல் அறையில் இந்த வாழ்க்கைக் குறிப்பைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அளவாகவும் பிழையின்றியும் எழுதப்பட்ட குறிப்பு.

இரண்டாம் அறையில்தான் நான் நெடுநேரம் நின்றேன். மீனாட்சி கல்யாணப் படத்தின் வெவ்வேறு காலத்து அச்சுகளை அங்கே வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நடுவில் நாணத்தோடு நிற்கும் மீனாட்சி, ஒருபுறம் கைப்பிடிக்கும் சொக்கர், மறுபுறம் தாரை வார்க்கும் பெருமாள். இந்த அமைப்பு மதுரைக் கோயில் தூண் சிற்பத்திலேயே உள்ளது என்றாலும், அவர்களை நிறுத்தியிருக்கும் விதத்தில் நாடக மேடை தெரிகிறது. உருவங்கள் எல்லாம் பார்ப்பவரை நோக்கித் திரும்பியிருக்கின்றன. பின்னால் மண்டபம் திரைச்சீலைபோல விரிகிறது. தரை சற்றே முன்னோக்கிச் சரிந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாதம் தெரியும்படி இருக்கிறது. ரவிவர்மாவின் அச்சுப் படங்களோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் வழி, எண்ணெய் வண்ணத்தின் வழி. அங்கே தெய்வங்கள் தமக்குள் ஒரு கதையில் இருப்பார்கள். கொண்டையராஜுவின் தெய்வங்கள் நமக்குத் தரிசனம் தருகிறார்கள். சுவரில் மாட்டி, காலையில் தேதி கிழிக்கும்போது ஒரு கணம் கும்பிடுவதற்கான படத்துக்கு இந்த அமைப்பே பொருந்தும் என்பது என் எண்ணம்.

அந்த அறையில் பார்வையாளர் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துவிடுகிறார்கள். கூடத்தின் மிகச் சிறந்த ஏற்பாடு அதுதான். கல்லச்சு எனப்படும் பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லோ துத்தநாகத் தகடோ வேண்டும். படத்தை உருவாக்கும் வண்ணப் புள்ளிகளைக் கையாலேயே வைத்திருப்பார்கள் என்பதால், கண்ணாடி வழியே பார்த்தால் அவை மணல் தூவியதுபோல ஒழுங்கற்று இருக்கின்றன. பின்னால் வந்த ஆப்செட் அச்சில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கின்றன. மீனாட்சியின் பச்சை மேனியில் கண்ணாடியை வைத்தால் பச்சை என்ற நிறம் பெரும்பாலும் மறைந்து, மஞ்சள் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பது தெரிகிறது. இன்னும் நெருங்கிப் பார்க்கக் குனிந்தபோது, கூடத்தைக் காட்டிய இளைஞர், “கை வச்சிராதிய அண்ணாச்சி, எண்ணெய்ப் பிசுக்கு பட்டா தாள் கருத்துப் போவும்” என்று பதமாகத் தடுத்தார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் அறை சிவகாசிக்கு உரியது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் காலத்திலிருந்து தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டருக்கும் ஓடின. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முகவர்கள் கடை கடையாகக் கொண்டுபோகும் மாதிரி ஆல்பங்களைப் புரட்டிப் பார்க்கக் கொடுக்கிறார்கள். ஆடிப் பதினெட்டன்று புதிய ஆல்பம் வெளியிடுவது சிவகாசியில் இன்றும் தொடரும் வழக்கம். படத்தை மொத்தமாக அச்சிட்டு, அடியில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு, ஆர்டர் வந்தபின் கடைப்பெயரைத் தனியே ஏற்றுவார்கள். ஒரே முருகன் ஓர் ஊரில் உரக்கடைக்கும் அடுத்த ஊரில் பாத்திரக்கடைக்கும் போனது இப்படித்தான். இந்த வெற்றிடத்தை மனத்தில் கொண்டே ஓவியர் மேலே படத்தை அமைத்திருக்கிறார். பாதங்களுக்குக் கீழே தாமரையோ படிக்கட்டோ அகலமாக வந்து முடிவது அதற்காகத்தான் என்று, வெட்டாத காலண்டர்களை அடுத்தடுத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது இவ்வளவு உழைத்தவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. இரண்டாம் அறையின் மேற்குச் சன்னல் வழியே பிற்பகல் வெயில் நேராகச் சுவரில் விழுகிறது. எதிரே மாட்டியுள்ள அச்சுகளில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் தங்கியிருக்கிறது. ஒரு படத்தில் அம்மனின் நெற்றிக் குங்குமமே காணவில்லை. கெட்டியான பருத்தித் திரை ஒன்று போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை படங்களை மாற்றி மாட்டினாலே பாதிச் சேதம் தவிர்க்கப்படும்.

அதைவிட என்னை உறுத்தியது பெயர்ப் பலகைகள். அத்தனை படங்களுக்கும் கீழே கொண்டையராஜு என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் படத்தின் மூலையில் கூர்ந்து பார்த்தால் டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் போன்ற சீடர்களின் கையெழுத்து இருக்கிறது. சிலவற்றில் குருவும் சீடரும் சேர்ந்தே ஒப்பமிட்டிருக்கிறார்கள். மணம் செய்துகொள்ளாமல், சீடர்களையே குடும்பமாகக் கொண்டு வாழ்ந்தவர் அவர். கோவில்பட்டி பாணி என்று இன்று நாம் சொல்வது அவர்கள் எல்லாருடைய கையாலும் உருவானது. கடைக்காரரின் பெயரைக்கூட வெட்டாமல் காத்த இந்தக் கூடம் வரைந்தவரின் பெயரை விட்டுவிடலாமா? இளைஞரிடம் இதைச் சொன்னேன். பலகைகளை மாற்றி எழுதும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்.

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் பேருந்திலோ ரயிலிலோ கோவில்பட்டிக்கு எளிதில் வந்துவிடலாம். ஊரில் விசாரித்து, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, காலைப் பொழுதில் போவது நல்லது. வெளிச்சம் அப்போதுதான் படங்களுக்கு இதமாக இருக்கிறது. கட்டணம் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் அவர்களை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய காலண்டர்களையும் இவர்கள் நன்றியோடு வாங்கிக்கொள்கிறார்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லையாம். கடைப்பெயர் இருக்கும் அடிப்பகுதி மட்டும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும் என்றார்கள்.